வேலிக்கு இந்தப் பக்கம்

டென்சில் விழுந்தது வேலிக்கு அந்தப் பக்கம். எழுந்தது இந்தப் பக்கம்.

வெர்லின் அதைத் தன் கண்ணால் பார்த்தார். பீரங்கிப் புகை புல்வெளி மேல் படிந்து கிடந்தது. வெடிமருந்தின் அழுகின முட்டை நாற்றம் மூக்கை அடைத்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கயிற்றுக்கு அப்பால் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தது. தம்பி டென்சில் மார்பைப் பிடித்துக்கொண்டு, கட்டை வேலி மேல் சரிந்து, அந்தப் பக்கம் புரண்டு, ஓடையோரத்து உயரப் புல்லுக்குள் மல்லாந்து சாய்ந்தான். 'நல்லாத்தான் சாகறான்' என்று வெர்லினே சிரித்தார். பிறகு பியூகிள் கொம்பு ஊதினார்கள். செத்தவர்கள் எழுந்து வர அதுதான் அடையாளம். அதுவரை பொய்ப்பிணம் அசையக் கூடாது. இந்த ஆட்களின் சட்டம் அப்படி. நீலச் சட்டைக்காரர்களும் சாம்பல் சட்டைக்காரர்களும் முனகிக்கொண்டு, ஒட்டின புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். டென்சிலும் எழுந்தான். முழங்காலை மடக்காமல். தரையில் கிடந்த ஏணியை யாரோ நிமிர்த்தி வைத்தாற்போல.

டென்சிலின் முழங்கால் போய் வெகு காலமாகிறது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே அவனுக்கு ஆள் வேண்டும்.

வெர்லினுக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது. கென்டக்கி மலைகளில் நிலக்கரி லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். எடை போடுகிறவனையும் நம்பினதில்லை, சம்பளம் கொடுக்கிறவனையும் நம்பினதில்லை. வடக்கும் தெற்கும் மோதின பழைய உள்நாட்டுச் சண்டையைப் பூங்காவில் கூடாரம் போட்டு ஆடிக்காட்டும் இந்தக் கும்பலோடு அவர் சிப்பாய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தது, தம்பி மனைவி ஒலீட்டா அழுததால்தான்.

"அவர் நெஞ்சு தாங்காது மாமா. சொன்னாக் கேக்க மாட்டேங்கறார். நீங்க கூடப் போங்க. எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ அப்படியே திருப்பிக் கொண்டாந்து விட்டுருங்க."

டென்சிலின் இதயத்தில் ஓர் இரும்பு வால்வு வைத்திருந்தார்கள். அமைதியான அறையில் அது கைக்கடிகாரம் மாதிரி டிக், டிக் என்று கேட்கும். "கடிகாரம் வருது, மணி பாத்துக்கோங்க" என்று வீட்டில் எல்லோரும் கேலி பண்ணுவார்கள். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் ஒலீட்டாவுக்குத் தூக்கம் வராது.

பொழுது சாய்ந்தபோது தீ மூட்டினார்கள். பன்றிக் கொழுப்பு பொரியும் வாசனை, பீன்ஸ் கொதிக்கும் வாசனை, ஈரக் கம்பளி காயும் வாசனை. டென்சில் வெளிச்சம் எட்டாத ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தான். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கின தகரக் குவளையை, பிடியை விட்டுவிட்டு, உடம்போடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தான். காப்பியைக் குடிக்கவில்லை.

"மாத்திரை போட்டியாடா?"

தம்பி மெல்லத் திரும்பினான். "ரொட்டி வண்டி வந்துருச்சா?"

"எந்த வண்டி?"

"வரும்னு சொன்னாங்க." மறுபடி தீயைப் பார்த்தான்.

எட்டு வார்த்தை பேசினால் ஏழு 'அண்ணே' போடுகிறவன். மத்தியானத்திலிருந்து ஒரு 'அண்ணே' இல்லை. வெர்லினுக்குச் சுருக்கென்றது. புதுசாக வந்தவனை இவர்கள் ஏய்த்துப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். சாயல் ஒத்த எவனையோ உட்கார்த்தி வைத்துவிட்டு, நிஜத் தம்பி எங்கேயாவது போர்பன் விஸ்கி பாட்டிலோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்பான்.

கேப்டன் டாக்கெட்டைப் போய்ப் பிடித்தார். வார நாளில் ஆணியும் பெயின்டும் விற்கிற மனுஷன். சனி ஞாயிறில் மட்டும் கேப்டன்.

"யோவ், என் தம்பிக்கு என்னத்தக் குடுத்தீங்க?"

"மெதுவாப் பேசுங்க பெருசு. அவர் பாத்திரத்துக்குள்ள இறங்கிட்டார், கலைச்சுராதீங்க. இத்தனை வருசத்துல இவ்வளவு சுத்தமா ஒருத்தன் பண்ணி நான் பார்த்ததில்ல."

"அவன் காப்பியக் கூடக் குடிக்கல."

"அதான்யா நடிப்பு! அந்தச் சட்டையப் பாருங்க, பொதைச்சு வச்சுத் தோண்டி எடுத்தாப்ல இருக்கு. எங்க வாங்கினாராம்?"

வெர்லின் திரும்பித் தம்பியின் சட்டையைப் பார்த்தார். அது ஒலீட்டா தையல் மிஷினில் தைத்த சட்டை. காலையில் அதன் பித்தளைப் பொத்தான்கள் பளபளத்தன. இப்போது அவை பச்சை பூத்திருந்தன.

காருக்குப் போய்ப் பார்த்தார். உள்ளே யாரும் ஒளிந்திருக்கவில்லை. இன்றைக்கான மாத்திரை டப்பாவில் அப்படியே கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். தூரத்தில் புல்வெளி மேல் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. வேலி வரைக்கும் போய்ப் பார்த்துவிடலாமா என்று திரும்பினார்.

பின்னாலேயே நின்றிருந்தான் டென்சில். சரளைக் கல்லில் காலடிச் சத்தமே கேட்கவில்லை.

"குளுருது. படுக்கலாம்."

அந்தக் குளிருக்கு இந்தச் சிப்பாய்கள் படுக்கிற விதம் ஒன்று உண்டு. கரண்டிகளை அடுக்கினாற்போல, ஒருவன் முதுகில் ஒருவன் மார்பு ஒட்ட, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து ஒருக்களித்துப் படுப்பார்கள், கோடியில் கிடப்பவன் "திரும்பு!" என்று கத்தினால் மொத்த வரிசையும் ஒன்றாகப் புரளும். வெர்லின் முரண்டு பிடித்துத் தனியே கிடந்தார். உறைபனி எலும்பைத் தொட்டபோது வெட்கத்தை விட்டு வரிசையில் நுழைந்தார். அவருக்குப் பின்னால் டென்சில் வந்து படுத்தான். கை அவர் விலாவைச் சுற்றிக்கொண்டது. முன்னால் கிடந்தவன் முதுகு அடுப்புக் கல் மாதிரி சுட்டது. பின்னால் இருந்த மார்பு சுடவில்லை. கம்பளியைத் தாண்டி, சட்டையைத் தாண்டி, ஓடைத் தண்ணீர் ஊறுவது போல ஒரு சில்லிப்பு முதுகில் இறங்கியது.

காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். குறட்டைகள். தீயில் ஒரு கட்டை வெடித்தது. எங்கேயோ ஆந்தை. பிடரியில் மூச்சுக் காற்று படவில்லை.

டிக் சத்தம் இல்லை.

"திரும்பு!"

வரிசை புரண்டது. இப்போது தம்பியின் முதுகு அவருக்கு முன்னால். சட்டையில் காதை வைத்தார். அழுத்தி வைத்தார். ஒன்றுமில்லை. மழை நின்ற பிறகு மண் தண்ணீரை உறிஞ்சுமே, அந்தச் சத்தம் மட்டும்.

"உன் இடம் கதகதன்னு இருக்கு" என்றது முதுகு.

அதற்குப் பிறகு வெர்லின் கண்ணை மூடவில்லை. வெளுக்கத் தொடங்கியதும் ஊர்ந்து வெளியே வந்தார். யாரும் அசையவில்லை. ஓடினார். மாத்திரை பையில் குலுங்கியது. புல் ஈரம் முழங்கால் வரை ஏறியது. மூடுபனிக்குள் வேலி தெரிவதற்கு முன்பே அவருக்குக் கேட்டது.

டிக்.

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டிக்.

தாண்டி விழுந்தார். உயரப் புல்லுக்குள் டென்சில் மல்லாந்து கிடந்தான். புருவத்தில் உறைபனி. உதடு நீலம். பொத்தான்கள் பளபளத்தன. கண்கள் திறந்தே இருந்தன. அவரைப் பார்த்தன.

"அண்ணே" என்றான். "ஊதியாச்சா?"

"ஊதியாச்சுடா! நேத்தே ஊதியாச்சு! எந்திரி!" மாத்திரையை அந்த உதட்டுக்குள் திணித்தார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். நகரவில்லை. வேர் விட்ட மாதிரி.

"எனக்குக் கேக்கலையே அண்ணே."

முகாமில் பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள். காலை வரிசை. டாக்கெட்டின் குரல் மூடுபனியைத் தாண்டித் தெளிவாக வந்தது.

"டென்சில்!"

"இருக்கேன்!"

பதில் வந்தது முகாமிலிருந்து. புல்லுக்குள் டிக் சத்தம் நின்றது.

வெர்லின் காத்திருந்தார். அடுத்த டிக்குக்காக. வரவில்லை. கண்கள் அவரையே பார்த்தபடி இருந்தன.

"வெர்லின்!"

வாயைத் திறந்தார். உதவி கேட்டுக் கத்த. அதற்குள் முகாமிலிருந்து ஓர் இருமல் கேட்டது. நிலக்கரித் தூசி ஏறின இருமல். அவருடையது.

"இருக்கேன்!"

தம்பியை ஒட்டி ஒருக்களித்து விழுந்தார். மார்பு அவன் தோளில் ஒட்டியது. கை தானாக அவன் விலாவைச் சுற்றியது. எடுக்க முடியவில்லை. குரல் வரவில்லை. குளிரவும் இல்லை.

வேலிக் கட்டைகளின் இடுக்கில் கார் நிற்குமிடம் தெரிந்தது. இரண்டு பேர் அதை நோக்கி நடந்தார்கள். மூத்தவர் கையில் சாவி கிலுகிலுத்தது. நான்கு முழங்காலில் ஒன்றும் மடங்கவில்லை. மூத்தவர் தம்பிக்குக் கதவைத் திறந்துவிட்டார். விளக்கு எரிந்தது. வண்டி ஊர்ந்து சாலைக்கு ஏறியது.

ஒலீட்டா வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருப்பாள்.