அலுமாரியில் ஒரு வெறும் பை

பை இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

2007, சனிக்கிழமை, பகல் 12.10. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அண்மையில் ஒரு சிறிய ஓட்டு வீடு. அலுமாரியின் முன் நின்று சீலா அந்த மினுங்கும் பையைத் தலைகீழாக உதறினாள். நேற்று அதற்குள் மடிக்கணினிக்கான ஒரு ஜிபி மெமரி இருந்தது. விரல் நீளப் பச்சைத் தகடு. கொழும்பிலிருந்து தோழி அனுப்பியது.

சீலா பொறியியல் இறுதியாண்டு மாணவி. அவள் வடிவமைத்த இறங்குதுறையின் கணினிக் கணக்கு, இருக்கும் சின்ன மெமரியில் நூற்றுக்கு நாற்பது வீதத்தில் உறைந்துவிடும். திங்கள் காலை அதை ஒப்படைக்காவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

12.30. மெமரியை மடிக்கணினிக்குள் பூட்டித்தர ஜெமீல் வந்தான். நகரத்தில் கணினி திருத்துபவன். தொலைந்த கோப்பு முதல் தொலைந்த சைக்கிள் வரை கண்டுபிடிப்பான் என்று பெயர்.

"ஆமிதான் எடுத்திட்டுது, ஜெமீல் நானா," என்றாள் சீலா. அன்று விடிய இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேடியிருந்தது.

"கண்டனீங்களோ?"

"இல்லை. விடிய 5.40க்கு ஒலிபெருக்கியிலை கூப்பிட்டவங்கள். நான் அடையாள அட்டையோடை மைதானத்துக்குப் போயிட்டன்."

"வீட்டிலை ஆர்?"

"அம்மா. வீட்டுக்கு ஒராள் நிக்க வேணுமெல்லோ."

தாய் ஞானமலர் குசினியிலிருந்து சொன்னாள்: "6.20க்கு வந்தவங்கள். அலுமாரித் திறப்பைக் குடுத்தனான். எல்லாத்தையும் கிளறிக் கொட்டிப்போட்டுப் போயிட்டாங்கள்."

"இந்தப் பை எங்கை கிடந்தது, தங்கச்சி?"

"வச்ச இடத்திலைதான். ரெண்டா மடிச்சபடி."

ஜெமீல் நிமிர்ந்தான். சுவரில் சீலாவின் அண்ணன் றொபேட்டின் படம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் அவனைக் கொண்டு போனார்கள். பிறகு தகவல் இல்லை.

1.05. சோறும் பாரைமீன் குழம்பும். ஜெமீல் ஒரு வாய் உண்டான்.

"என்னக்கா, மீனுக்கு எலுமிச்சம்பழமோ? எங்கட உம்மா கண்டா அடிக்க வருவா."

"புளி முடிஞ்சுது, தம்பி."

அவன் கை கழுவக் குசினிக்குப் போனான். அடுப்பருகே வாய்க்குத் துணி கட்டிய மண்பானை. தூக்கிப் பார்த்தான். பாரமாக இருந்தது.

"அக்கா, இதைத் திறக்கட்டோ?"

ஞானமலர் அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

ஜெமீல் துணியை அவிழ்த்து, உப்பிட்ட பழம்புளிக்குள் விரலை விட்டான். பிசுபிசுத்தபடி மெமரித் தகடு வந்தது.

"ஆமி எடுத்திருந்தா பையோடை கொண்டு போயிருப்பாங்கள்," என்றான் ஜெமீல் மெதுவாக. "நிண்டு, கழட்டி, வெறும் பையை மடிச்சு வைப்பாங்களே? கூப்பிட்டதுக்கும் அவங்கள் வந்ததுக்கும் இடையிலை நாப்பது நிமிஷம். வீட்டிலை நிண்டது நீங்கள் மட்டும். பை புளிக்குள்ளையும் மினுங்கும், அதாலை அதை அலுமாரியிலை விட்டிட்டியள். பானை நிறையப் புளி இருக்க, குழம்புக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சியள். மகளுக்கு முன்னாலை இந்தத் துணியை அவிழ்க்க ஏலாது."

"ஒரு ரேடியோத் தகட்டைக் கண்டுதானே றொபேட்டைக் கொண்டு போனவங்கள்," என்றாள் ஞானமலர். "இதுவும் அதைப்போலக் கிடந்துது. அவங்கள் போனாப் பிறகு எடுத்தனான் தம்பி. நல்லாக் கழுவினனான். கறுத்துப் போச்சு. சொல்லப் பயத்திலை திரும்ப உள்ளுக்கு வச்சிட்டன்."

ஜெமீல் தகட்டைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, அதன் பொன்நிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினான். 2.40. மூன்று முறை கணினி கீச்சிட்டது. திரை இருட்டாகவே இருந்தது.

"வேறை வாங்கேலாதோ, நானா?"

"ஊரிலை இல்லை. கொழும்புப் பாதை இண்டைக்குப் பூட்டு."

பழைய மெமரியையே திரும்பப் பூட்டினான். கூலி வாங்காமல் சைக்கிளில் ஏறினான். குற்றவாளியைக் கண்டுபிடித்தவன் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

4.15. கணக்கு நாற்பது வீதத்தில் நின்றது.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, அம்மா."

ஞானமலர் பானையின் வாயைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இதை ஒளிக்க ஒரு பானை இருந்துது, பிள்ளை. அவனை ஒளிக்கத்தான் ஒண்டும் இருக்கேல்லை."