குறிப்பேட்டில் ஏறிய எருமை

ஏழரை மணி ஆகியும் விடியவில்லை.

மலாக்காவில் அப்போது சூரியன் ஒரு பக்கம், கடிகாரம் ஒரு பக்கம். ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டான். சூரியனைத் திருப்ப அவனுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காஜா பேராங் முச்சந்தியில், நல்ல இருட்டில், நான்கு கனவான்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்கள்.

சைக்கிள் சங்கத் தலைவர் கலியாணசுந்தரம் பழைய அரசாங்கத்தில் தலைமைக் கிளார்க். அரசாங்கம் போய்விட்டது, ஆபீஸ் போய்விட்டது, கழுத்தில் ஒரு விசில் மட்டும் மிச்சம். செயலாளர் ஏகாம்பரத்தின் கையில் கூட்டக் குறிப்பேடு. பொன்னுதுரை வாராவாரம் பந்தயத்தில் இரண்டாவதாக வருபவன். கடைசியாக, ஒன்பது வாரச் சாம்பியன் தம்பிராஜா.

சாம்பியனின் ரகசியம் சக்கரத்தில் இருந்தது. ஊரில் டயர் என்பதே அற்றுப்போய், மற்ற மூவரும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை வெட்டிக் கம்பியால் கட்டி ஓட்டினார்கள். 'கடக்... கடக்...' என்று பல்லெல்லாம் ஆடும். தம்பிராஜாவின் சைக்கிளில் மட்டும் காற்றடைத்த அசல் டயர்! அது பட்டுப்புடவை சரசரப்பதுபோல் 'ஸ்ஸ்ஸ்...' என்று போகும். அது போதாதென்று வழி நெடுக மணி வேறு அடித்துக்கொண்டே போவான்.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் 'நோக்கம்: உடல் நலம்' என்று எழுதியிருந்தது. புக்கிட் காதில் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், மாக்சிக் தீமா என்கிற அத்தை விற்கும் மரவள்ளிக் கிழங்குதான் உண்மையான நோக்கம் என்பதும், நால்வரின் சட்டைக்குள்ளும் ஆளுக்கொரு சாக்கு மடித்திருப்பதும் எந்தப் பக்கத்திலும் இல்லை. முதலில் போகிறவனுக்கு மாவுக் கிழங்கு, கடைசியில் போகிறவனுக்கு நார். இருந்தும் ஒன்பது வாரமாக முதலில் போன தம்பிராஜாவுக்கே நல்ல கிழங்கு சிக்கவில்லை. "உனக்கு முன்னாடியே ஒரு ஆள் வந்துட்டுப் போயாச்சு" என்று மாக்சிக் ஒவ்வொரு வாரமும் சிரிப்பாள்.

தலைவர் விசில் ஊதினார்.

ஜப்பான்காரனின் காவல் சாவடி வந்ததும் எல்லாரும் இறங்கிக் குனிந்து வணங்கினார்கள். தலைவர் மற்றவர்களைவிட ஒரு சாண் அதிகமாகக் குனிந்தார். பிறகு மறுபடி ஓட்டம். புக்கிட் பாருவைத் தாண்டும்போது தம்பிராஜா தனியாக முன்னால் இருந்தான். கிழக்கு வெளுத்தது. பூப்போல ஒரு தூறல்...

அந்தத் தூறலுக்குள் யாரோ முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

ரொட்டிக்காரர்கள் ஓட்டுகிற கனத்த சைக்கிள். பின்னால் பெரிய இரும்புத் தட்டு. இரண்டு சக்கரமும் தோட்டக் குழாய். அதற்கு மேலே, ஆண்பிள்ளைச் சட்டையின் முதுகில், ஒரு நீளப் பின்னல் இப்படியும் அப்படியும் ஆடியது.

பெண்ணா...?

"ஓரம் போங்க! ரேஸ் ஓடுது!" என்று மணியடித்தான்.

"ரேஸா? யாரோட?" அவள் திரும்பிப் பார்த்தாள். "பின்னால ஒருத்தரையும் காணோமே, அண்ணே!"

சாம்பியன் எழுந்து நின்று மிதித்தான். செம்மண் ஈரமாக இருந்தது. முன் சக்கரம் ஒரு திசையில் போக, அவன் ஒரு திசையில் போக, வாய்க்கால் சைக்கிளையும் அவனையும் சேர்த்து வரவேற்றது. அங்கே ஏற்கெனவே படுத்திருந்த ஓர் எருமை அசை போடுவதை நிறுத்தாமல் அவனைப் பார்த்தது.

"அண்ணே... உயிரோட இருக்கீங்களா?"

"இறங்கினேன்" என்றான் தம்பிராஜா, கௌரவமாக.

"தலைகீழாவா?"

அவன் நிமிர்ந்தான். தூறல் விட்டிருந்தது. அவளுடைய இமைகளில் மட்டும் இன்னும் விடவில்லை... ஒவ்வொரு மயிரிலும் ஒரு துளி, ஒவ்வொரு துளியிலும் ஒரு சிரிப்பு. ஒன்பது வாரமாக இந்த ரோட்டில் அவன் என்னத்தைப் பார்த்துக்கொண்டு போனான்?

பின் டயர் ஏதோ கட்டையில் பட்டு ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. அவள் தன் தட்டிலிருந்து ஒரு துண்டுக் குழாயும் கம்பியும் எடுத்தாள்.

"காத்து அடைச்சதுன்னு ஊரெல்லாம் மணியடிச்சீங்க. காத்து போனா இவ்வளவுதான்லா. சக்கரத்தைப் பிடிங்க."

பிடித்தான். கம்பியை முறுக்கும்போது அவள் விரல் அவன் விரலில் பட்டது. இரண்டு பேரும் சக்கரத்தையே மிகவும் கவனமாகப் பார்த்தார்கள்.

"பேரு...?"

"ருக்மணி. காஜா பேராங்தான். அம்மா மரவள்ளிப் புட்டு விக்கிறாங்க, நான் கிழங்கு எடுக்கப் போறேன்."

"நான் தம்பிராஜா. சாம்பியன்."

"தெரியுது" என்று வாய்க்காலைப் பார்த்தாள் ருக்மணி. "மெதுவா வாங்க, சாம்பியன் அண்ணே."

மற்ற மூவரும் வந்து சேர்வதற்குள் பின்னல் மறைந்துவிட்டது. 'அண்ணே' என்ற அந்த ஒரு வார்த்தைதான் முள்ளாகக் குத்தியது...

ஓட்டம் முடிந்தால் நல்லையா கோப்பிக்கடையில் கூடுவது வழக்கம். வறுத்த சோளத்தூளுக்குக் கோப்பி என்று பெயர் வைத்திருந்தார்கள், சர்க்கரைக்கு நினைவு மட்டும். ஏகாம்பரம் குறிப்பேட்டைத் திறந்தான்.

"சாம்பியன் கடைசி! என்னாச்சுன்னு சபைக்குச் சொல்லணும்" என்றான் பொன்னுதுரை. ஒன்பது வாரம் சேர்த்து வைத்த மகிழ்ச்சி அவன் முகத்தில்.

தம்பிராஜா உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். பொன்னுதுரையின் பல்லைப் பார்த்ததும் வாயிலிருந்து எருமை வந்துவிட்டது.

"குறுக்க வந்துருச்சு. கொம்பு இவ்வளவு நீளம்... நான் ஒதுங்கலேன்னா பின்னால வந்த நீங்க மூணு பேரும் காலி!"

ஏகாம்பரம் எழுதினான்: 'எருமை குறுக்கே வந்ததால் சாம்பியன் விழ நேரிட்டது.' தலைவர் எருமையைக் கண்டித்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறியது.

"அந்த எருமை..." என்றது பின்னால் ஒரு குரல். "சக்கரத்துக்குக் குழாயும் கட்டிவிட்டுச்சா, அண்ணே?"

கடைக்குப் புட்டுக் கூடை கொண்டுவந்த ருக்மணி! மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கண்ணில் இப்போது துளி இல்லை, வெயில் இருந்தது. கூடையை வைத்தாள், போய்விட்டாள்.

புதன்கிழமை தம்பிராஜா ருக்மணியை அவள் தெருமுனையில் பிடித்தான்.

"ருக்மணி, அது வந்து... பேரு கெட்டுப்போகும்னு..."

"யாரு பேரு?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"பொண்ணுக்குப் பின்னால வந்தது அவ்வளவு அசிங்கமா? எருமைன்னா கௌரவமா? நல்லா இருக்கு!" அவள் குரல் இறங்கியது. "இந்த ஞாயித்துக்கிழமைதான் கடைசி. அப்புறம் அந்தக் கடைக்கு நான் வரமாட்டேன், தங்கச்சி கொண்டாருவா. உங்க மூஞ்சியைப் பாக்க எனக்கு... போங்க."

அந்த 'எனக்கு'வுக்கும் 'போங்க'வுக்கும் நடுவில் அவள் விழுங்கிய வார்த்தை எதுவென்று தம்பிராஜா மூன்று நாள் யோசித்தான். சாம்பியன் பட்டத்தை ஒரு கையிலும் அந்த வார்த்தையை ஒரு கையிலும் வைத்துப் பார்த்தான். பட்டம் கனக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் மிகவும் பிந்தி, 'கடக்... கடக்...' என்று கடைசியாகக் கோப்பிக்கடைக்கு வந்து சேர்ந்தான். இரண்டு சக்கரத்திலும் குழாய். மிச்சமிருந்த ஒரே அசல் டயர் அவன் தோளில் தொங்கியது.

"ஏகாம்பரம், குறிப்பேட்டைத் திற. திருத்தம் இருக்கு."

ருக்மணி கூடையோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். கால் இடறியதுபோல் தம்பிராஜாவுக்கு நாக்கு இடறியது. ஆனாலும் அவளைக் காட்டிச் சொன்னான்.

"எருமை ஒண்ணும் குறுக்க வரல. அது பாட்டுக்குப் படுத்துக்கிட்டு இருந்துச்சு. இவங்க முன்னால போனாங்க. ரொட்டிக்காரன் சைக்கிள், குழாய்ச் சக்கரம். பிடிக்கப் பார்த்தேன், முடியல, விழுந்தேன். தூக்கிவிட்டதும் இவங்கதான். அப்புறம் நாம யாரும் உடல் நலத்துக்காகப் போகல. கிழங்குக்குப் போறோம். வாராவாரம் நல்ல கிழங்கை எடுக்கிறதும் இவங்கதான்."

"பொம்பளைப் பிள்ளைகிட்டயா தோத்த!" என்றான் பொன்னுதுரை.

"அவகிட்ட நான் தோத்தேன், என்கிட்ட நீ தோத்தே. நீயே கணக்குப் போட்டுக்க."

"ஆட்சேபணை! நமது நோக்கம் உடல்..." என்று தலைவர் கம்பீரமாக எழுந்தார். சட்டைக்குள்ளிருந்து சாக்கு சரிந்து சபை நடுவே விழுந்தது. நல்லையா சிரிப்பை அடக்க அடுப்பை ஊதினார்.

தம்பிராஜா வாசலுக்குப் போனான். "டயர் உங்களுக்கு. முன் சக்கரத்துக்குச் சரியா இருக்கும்."

"இதைத் தோள்ல மாலை மாதிரி போட்டுக்கிட்டுத் தெருவெல்லாம் வந்தா... பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும்னுதான் போட்டுக்கிட்டு வந்தேன்." மூச்சை இழுத்துக்கொண்டான். "ருக்மணி... ஆயுசு பூரா உங்க பின்னாலயே வர எனக்குச் சம்மதம். உங்க அம்மாவை எப்போ பாக்கலாம்?"

அவள் டயரை வாங்கிக்கொண்டாள். அதன் துளைக்குள் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்தாள்.

"ஒன்பது வாரமா பின்னால ஒரு மணிச் சத்தம்... கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு. யாருன்னு பாக்கணும்னு அன்னிக்கு ஒருநாள்தான் மெதுவா ஓட்டினேன்."

"மெதுவாவா?" தம்பிராஜா திடுக்கிட்டான். "அதுவா மெதுவு?"

"மெதுவுதான்" என்றாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். 'அண்ணே' வரவில்லை... அவன் காத்துப் பார்த்தான், வரவேயில்லை!

ஏகாம்பரம் தொண்டையைச் செருமினான். "எருமையை அடிச்சிட்டு ருக்மணின்னு போட்டுட்டேன். 'ருக்மணி குறுக்கே வந்ததால்...'"

"குறுக்க வரல" என்றாள் ருக்மணி. "முன்னால போனேன்னு எழுதுங்க."

எழுதினான். தலைவர் சாக்கை மடித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

வெளியே மறுபடியும் தூறல். இரண்டு சைக்கிள்கள் காஜா பேராங்கை நோக்கிப் புறப்பட்டன, 'கடக்... கடக்...' என்று. பின்னால் போனவன் மணியே அடிக்கவில்லை. முன்னால் போனவள்தான் பத்தடிக்கு ஒரு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.