மூன்றாவது புரொஃபைல்

காலை 8.10. விசாகப்பட்டினத்தின் ஒரு மகப்பேறு மருத்துவமனை. நோயியல் மருத்துவர் அனசூயா தன் கணினியில் நுழைந்தார். திரை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு கோப்புகூட இல்லை. ‘தற்காலிக புரொஃபைலில் இருக்கிறீர்கள்’ என்று மூலையில் ஒரு வரி மட்டும்.

பத்து நாளில் இரண்டு தாய்மார்கள், சிசேரியன் முடிந்தபின், ஒரே கிருமியால் இறந்திருந்தார்கள். தொலைந்தது அதைப் பற்றிய அறிக்கை. பதினொரு மணிக்கு விசாரணைக் குழு.

8.40. சர்வரைப் பராமரிக்கும் நிறுவனத்திலிருந்து வகுளா வந்தாள். மருத்துவமனையில் எல்லாருடைய திரையும் ஒரே சர்வரில்தான் ஓடியது. கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் திரிநாத் வாசலிலேயே மறித்தார்.

“இந்த வாரத்துல இப்படிப் புரொஃபைல் போறது மூணாவது தடவம்மா. திங்கட்கிழமை டைப்பிஸ்டு, நேத்து ஹெட் நர்சு. அவங்களுக்குப் பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டேன். இப்போ டிஸ்க்கே சாகக் கிடக்கு. பத்து மணிக்கு மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போடப்போறேன். டைரக்டர் கையெழுத்தே போட்டுட்டாரு.”

“அறிக்கை?”

“போனது போனதுதான்.”

அனசூயா அவளை ஓரமாக இழுத்தார். “ரெண்டு ஆப்பரேஷனும் செஞ்சது டாக்டர் ஜோகாராவ். அறிக்கை யாருக்கு வேண்டாம்னு நான் வேற சொல்லணுமா?”

9.05. அறுவை மருத்துவர் ஜோகாராவ் நாற்காலியைக்கூடக் காட்டவில்லை. “ஆஸ்பத்திரியே என்னைக் கொலைகாரன்னு பேசுது. நீயும் ஆரம்பிம்மா.”

“காலையில எங்க இருந்தீங்க?”

“ஏழுலேருந்து எட்டேகால் வரைக்கும் ஆப்பரேஷன் தியேட்டர்ல. சிசேரியன்.”

“சர்வர் பாஸ்வேர்டு தெரியுமா?”

“திரிநாத் ரூம் சுவத்துல ஒட்டியிருக்கு. டீ கொண்டுவர்றவனுக்கும் தெரியும்.”

9.20. சர்வர் அறையின் குளிர் எலும்பில் இறங்கியது. ஒருவருடைய கோப்புகள் இருக்கும் புரொஃபைலைத் திறக்க முடியாவிட்டால், சர்வர் அவர் பெயருக்குப் பின்னால் ஒரு ஒட்டைச் சேர்த்து ஒதுக்கிவிட்டு, வெற்றுத் திரையைக் கொடுக்கும். டைப்பிஸ்டின் ஒட்டு அவள் கணினியில் நுழைந்த நிமிடத்தில் விழுந்திருந்தது. நர்சின் ஒட்டும் அப்படித்தான். அனசூயாவின் ஒட்டு விழுந்தது 7.32க்கு.

வகுளா டிஸ்க்கைச் சோதித்தாள். ஒரு பழுதும் இல்லை. பிறகு, சர்வரோடு சேர்ந்து அழியவிருந்த மற்ற பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றில் அவள் விரல் நின்றது.

9.45. மூவரையும் வரச்சொன்னாள்.

“அனசூயா டாக்டர் எட்டு பத்துக்குத்தான் நுழைஞ்சாங்க. ஆள் வராம ஒட்டு விழாது. ஏழு முப்பத்திரெண்டுக்கு யாரோ கையால சேர்த்திருக்காங்க. டாக்டர் ஜோகாராவ் அப்போ ஆப்பரேஷன் தியேட்டர்ல.”

“பாஸ்வேர்டுதான் ஊருக்கே தெரியுமே!” என்றார் திரிநாத்.

“தெரியும். ஆனா ஒட்டை எடுத்துவிட்டா புரொஃபைல் திரும்பி வந்துடும். ரெண்டு பேருக்குப் பத்து நிமிஷத்துல சரி பண்ணின நீங்க, மூணாவதுக்கு மட்டும் ஏன் சர்வரையே அழிக்கணும்? எல்லாரும் அறிக்கையைத்தான் பார்த்தோம். சர்வரை அழிக்க, அறிக்கை தொலைஞ்சது உங்களுக்கு ஒரு சாக்கு. அழிய வேண்டியது இது.”

திரையில், ஆப்பரேஷன் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் ஸ்டெரிலைசரின் பதிவு. பன்னிரண்டு நாளாகச் சூடு போதவில்லை. முதல் நாளே சர்வர் வழியாக அதன் அலாரத்தை நிறுத்தியது திரிநாத்தின் சொந்தக் கணக்கு.

திரிநாத் சுவரோடு சாய்ந்தார். “நாளுக்கு நாப்பது தடவை கத்துச்சும்மா. நர்சுங்க திட்டினாங்க. மெக்கானிக் வர்ற வரைக்கும்னுதான்... அவங்க செத்தப்புறம் எப்படிச் சொல்றது?”

“ரெண்டாவது பொண்ணு சாகறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமேடா!” என்றார் அனசூயா.

ஜோகாராவ் முகத்தில் ரத்தமே இல்லை.

“காலையில நான் எடுத்த கத்தியும் அதுலேருந்து வந்ததுதான்” என்றார்.

திரிநாத்தை விட்டுவிட்டு மற்ற மூவரும் மாடிப்படியில் ஓடினார்கள். வார்டில், காலையில் சிசேரியன் ஆன தாய் தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏன் இத்தனை பேர் என்று சிரித்தாள். ஜோகாராவ் அவள் நெற்றியில் கை வைத்தார். லேசாகச் சுட்டது.