உருளை மாறிய ஜோடி

வீட்டு வாசலில் காரை நிறுத்திய ஆரின், எஞ்சினை அணைக்கவில்லை.

"அண்ணி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. அப்படியே திரும்பிடலாம். இவரு துப்பாக்கியைப் பார்த்துட்டா சோறு தண்ணி மறந்துடுவாரு. வானத்தைப் பாரு, எப்படிக் கறுத்துக் கிடக்குன்னு."

பின்சீட்டில் இருந்த ஆர்லிஸ் சிரித்தாள். "திரும்பிப் போனா உன் அண்ணன் வசந்தம் வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு. நீயா அவரோட குடும்பம் நடத்தப் போறே?"

முன்சீட்டில் இருந்த அவள் கணவன் டெல்மர் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. மடியில் இருந்த மரப்பெட்டியை அணைத்தபடி அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வடக்கு டகோட்டாவின் வெட்டவெளியில் சாயம் போய் நின்ற பழைய பண்ணை வீடு. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை அறுவடை முடிந்த கோதுமை வயல்கள், உறைந்து கிடந்தன.

பெட்டிக்குள் இருந்தது 30618 என்ற எண் பொறித்த ரிவால்வர். திருமணமான புதிதில் வாங்கியது. டெல்மரிடம் எண் அடுத்தடுத்து வரும் துப்பாக்கிகள் பல ஜோடி உண்டு. ஒரே பட்டறையில் ஒன்றன் பின் ஒன்றாகப் பிறந்து, ஆளுக்கொரு திசையில் போன இரண்டைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் படுக்க வைப்பதில் அவனுக்கு அப்படி ஓர் ஆனந்தம். 'கல்யாணத் தரகன்' என்றுதான் ஆரின் அவனைக் கேலி செய்வான்.

ஆனால் இந்த ஒன்றுக்கு மட்டும் ஜோடி சேரவில்லை. அதில் ஒரு குறையும் இருந்தது. துப்பாக்கியின் இரும்புச் சட்டத்தில் 30618. குண்டு போடும் உருளையிலோ 30619. யாரோ எப்போதோ இரண்டு துப்பாக்கிகளையும் கழற்றி உருளைகளை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் இன்னொன்று எங்கோ இருக்கிறது. இவனுடைய உருளையைச் சுமந்துகொண்டு.

அது இந்த வீட்டில் இருந்தது.

கதவைத் திறந்த லவோனுக்கு ஐம்பது வயதிருக்கும். அரிசோனாவில் மகளோடு இருக்கப் போகிறாள். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். காபி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார்கள். மறுபடி கேட்டாள். சிரமம் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது, அந்த ஊர் வழக்கப்படி, கொஞ்சமாகக் கொடுங்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். கோப்பைகள் ஏற்கெனவே மேசையில் இருந்தன.

மாவு டப்பாவுக்குள்ளிருந்து துணி சுற்றிய ஒரு பொருளை லவோன் எடுத்தாள்.

"காட்டிட்டுக் கொடுங்க," என்றான் டெல்மர், தன்னையறியாமல்.

ஆர்லிஸ் புன்னகைத்தாள். மாமனார் தன் பிள்ளைகள் இருவருக்கும் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. துப்பாக்கியைக் கை மாற்றும்போது கொடுப்பவன் திறந்து, காலி என்று காட்ட வேண்டும். வாங்குபவன் தானும் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த வீட்டில் ஜெபம் மறந்தாலும் மறக்கலாம், இதை மறக்கக் கூடாது.

லவோன் திறந்து காட்டினாள். டெல்மர் பார்த்தான். ஆரினும் பார்த்தான். ஆறு துளைகளும் காலி.

சட்டத்தில் 30619. உருளையில் 30618.

டெல்மரின் கண்கள் கலங்கிவிட்டன. "ஆர்லிஸ், இங்க பாரேன்... இத்தனை காலமா இங்கதான் இருந்திருக்கு."

"என்கிட்ட கல்யாணம் கேட்டப்போகூட நீ இப்படி அழல," என்றாள் அவள்.

லவோன் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஒரு விஷயம் சொல்லிடணும். என் கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன்கள் ரெண்டு பேர், ஹால்வர், டோர்ஸ்டைன்னு. ஒரே நாள் ஒரே கடையில ஆளுக்கொண்ணா வாங்கினது இது ரெண்டும். நிலம் பிரிக்கிற பேச்சு வந்தது. இதே மேசைதான். எதிரெதிரா உக்காந்து..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"ரெண்டு பேருக்கும் அடக்கம் முடிஞ்சு வந்ததும் அவங்க அம்மா உருளையை மாத்திப் போட்டு, ஒண்ணைத் தூரதேசத்து வியாபாரிகிட்ட தள்ளிவிட்டாங்களாம். 'ரெண்டு பேர் கையிலயும் முழு ஆயுதம் இருக்கக் கூடாது'ன்னு சொன்னாங்களாம். நான் இதெல்லாம் நம்பறவ இல்ல. ஆனா மாத்தாம வச்சுக்குவீங்கன்னா எடுத்துட்டுப் போங்க."

"மாத்த மாட்டேன்," என்றான் டெல்மர்.

அவன் பார்வை உருளையை விட்டு நகரவில்லை. ஆர்லிஸ் அதைக் கவனித்தாள். தலைகீழாக மாட்டிய படத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவன் முகம்.

பனி தொடங்கியது. கிளம்பலாம் என்று எழுந்தார்கள்; எழுந்து நின்று பேசினார்கள்; கதவருகே போய் இன்னும் பேசினார்கள். காரின் கண்ணாடியில் பனி அப்பிக்கொண்டிருந்தது. ஆர்லிஸும் லவோனும் துடைப்பத்தோடு வெளியே போனார்கள். காற்று ஊளையிட்டது. நாலு மணிக்கே வெளிச்சம் வடிந்து, உலகம் பழுப்பேறிய துணி போலாகிவிட்டது.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, சமையலறையில் ஒரு வாடை.

நனைந்த கம்பளி. ஈரக் குதிரை. அதன் அடியில், கருகிய வெடிமருந்து.

டெல்மர் மேசையருகே நின்றிருந்தான். இரண்டு ரிவால்வர்களும் அவன் முன்னால் அக்கம் பக்கமாகக் கிடந்தன.

"ஒரு அச்சுப் பின்னை இழுத்தா உருளை கையோட வந்துடுது, ஆர்லிஸ். சும்மா மாத்திப் பார்த்தேன். எவ்வளவு கச்சிதமா உக்காருது தெரியுமா? இப்பதான் எல்லாம் சரியா இருக்கு."

லவோனின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது.

"திருப்பி மாத்துங்க," என்றாள். "இப்பவே."

விளக்கு அணைந்தது.

பனிக்காற்றில் மின்சாரம் போவது அங்கே புதிதல்ல. "பாரு அண்ணே, சொன்னேன்ல," என்று இருட்டில் ஆரின் முணுமுணுத்தான். அது ஆரினின் குரல்தான். லவோன் தடுமாறிக்கொண்டு அலமாரியில் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

க்ளிக்.

துப்பாக்கியின் சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுக்கும் சத்தம். டெல்மரோடு வாழும் ஆர்லிஸுக்கு அது தெரியாதா? ஆனால் அது மேசையிலிருந்து வரவில்லை. மாடியிலிருந்து வந்தது.

மறுபடி. இம்முறை படிக்கட்டில்.

பிறகு நாற்காலி ஒன்று தரையில் தேய்ந்தது. இன்னொன்றும்.

லவோன் தீக்குச்சி கிழித்து விளக்கை ஏற்றினாள்.

டெல்மரும் ஆரினும் மேசையின் இரு முனைகளில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு ரிவால்வர் கையில். இருவர் தலைமுடியிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் வெளியே போகவே இல்லை.

"டெல்மர்?"

அவன் திரும்பவில்லை.

"வடக்கு வயல் என்னுது," என்றான் ஆரின்.

"அப்பா எனக்குன்னு சொல்லிட்டுப் போனாரு."

"பொய்."

இந்த இருவரும் அப்பாவின் நிலத்தை இன்றுவரை பிரித்ததில்லை. வேலி போடவே மறுத்தவர்கள். ஒருவன் டிராக்டர் பழுதானால் மற்றவன் தன் விதைப்பை நிறுத்திவிட்டு ஓடுவான். கேலி ஓயாது, ஆனால் ஆரின் வாயிலிருந்து 'அண்ணே' இல்லாமல் ஒரு பேச்சு முடிந்ததில்லை.

இப்போது அந்தச் சொல் வரவில்லை.

"காலிதானே? குண்டு இல்லைதானே?" லவோன் ஆர்லிஸின் காதருகே கிசுகிசுத்தாள். "நாம எல்லாரும் பார்த்தோமே..."

ஆரினின் துப்பாக்கி விளக்கொளியில் இவர்கள் பக்கம் சற்றே திரும்பியது. உருளையின் துளை ஒன்றில் மங்கலாக ஈயம் தெரிந்தது.

இப்போது இரண்டு சுத்தியல்களும் ஒரே நேரத்தில் பின்னுக்குப் போயின.

ஓடிப்போய்ப் பிடுங்கலாம். பிடுங்கினால் விரல் அசையும். கத்தலாம். கத்தினாலும் அசையும். ஆர்லிஸ் அழுதுகொண்டே மேசையருகே நடந்தாள். டெல்மரின் பக்கத்தில் நின்றாள். துப்பாக்கிச் சந்தையில் யாரோ ஒருவரின் துப்பாக்கியைப் பார்க்கக் கேட்பது போல, உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"காட்டிட்டுக் கொடு."

அவன் முகம் கல் போலிருந்தது. கண்ணுக்குள்ளிருந்து வேறு யாரோ அவளைப் பார்த்தார்கள். ஆனால் கை... கை அவனுடைய கை. ஐந்து வயதிலிருந்து பழகிய கை. கட்டைவிரல் சுத்தியலைத் தாங்கி மெல்ல இறக்கியது. துப்பாக்கியின் பக்கவாட்டுச் சின்னக் கதவைத் திறந்தது. உருளையைச் சுழற்றியது.

ஒரு குண்டு மேசையில் விழுந்து உருண்டது. பச்சைக் களிம்பேறிய பழைய குண்டு.

ரிவால்வர் அவள் உள்ளங்கைக்கு வந்தது. பனிக்கட்டி போல் சுட்டது.

எதிர்முனையில் ஆரின் துப்பாக்கியை உயர்த்தினான்.

அவள் டெல்மருக்கு முன்னால் வந்து நின்றாள். நெஞ்சுக்கு நேராக அந்தக் குழல்.

"தள்ளு," என்றது ஆரினின் வாய்.

"ஆரின், உங்கப்பா கேக்கறாருடா. காட்டிட்டுக் கொடு."

விளக்கின் சுடர் சுருங்கியது. அவன் தோளுக்குப் பின்னால், சுவரோரமாக, இருட்டு அவனைவிட உயரமாக எழுந்து நின்றது.

"காட்டிட்டுக் கொடு, கண்ணா."

அவன் கை மெல்லத் தாழ்ந்து, துப்பாக்கியைத் திறந்தது. குண்டு தரையில் விழுந்த சத்தம் கேட்டதும் ஆரின் குழந்தை மாதிரி விம்மினான்.

"அண்ணே... எனக்குக் குளிருது அண்ணே."

டெல்மர் மேசையைச் சுற்றி ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டான். ஆர்லிஸ் யாரையும் கேட்கவில்லை. விறைத்த விரல்களால் பின்களை இழுத்து, உருளைகளை மறுபடி மாற்றிப் போட்டாள். விளக்கருகே பிடித்து எண்களைப் பார்த்தாள். பொருந்தவில்லை. கடவுளுக்கு நன்றி, பொருந்தவில்லை.

இரண்டையும் அங்கேயே விட்டார்கள். டெல்மர் அவற்றின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லவோன் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன் வண்டியில் முன்னால் போனாள்; பக்கத்துப் பண்ணையில் இரவைக் கழிப்பதாகச் சொன்னாள். அவள் வண்டியின் சிவப்பு விளக்குகளைப் பின்தொடர்ந்து ஆரின் காரை மெல்ல ஓட்டினான்.

கொஞ்ச தூரம் போனதும் டெல்மர் தொண்டையைச் செருமினான்.

"வடக்கு வயலை நீயே எடுத்துக்கோடா."

"எனக்கெதுக்கு? அதுல பாதி சேறு. நீயே வச்சுக்கோ அண்ணே."

ஆர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாள் கேட்டுப் பழகிய அந்த ஒரு சொல் இவ்வளவு இனிக்கும் என்று அவள் நினைத்ததில்லை. ஹீட்டரின் வெதுவெதுப்பு கால்களைத் தொட்டது. மூச்சு சீரானது.

டிங். டிங். டிங்.

"அண்ணி, பெல்ட் போடு," என்றான் ஆரின்.

"போட்டிருக்கேனே."

"இல்லையே, இங்க கத்துது பாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஒளிரும் பலகையில், பின்சீட்டின் சின்னஞ்சிறு படம். அதில் மூன்று உருவங்கள். அவள் உட்கார்ந்திருந்த வலது ஓரம் பச்சை.

மற்ற இரண்டும் சிவப்பு, ஆள் இருந்தும் பெல்ட் போடாத சிவப்பு.

அவள் பக்கத்தில் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. இடது தொடையை ஒட்டி, இருக்கை மெல்ல அமுங்கியது.

டிங். டிங்.

பக்கத்தில் ஒரு பெல்ட் சரசரவென்று இழுபட்டது. பூட்டில் விழுந்தது. பிறகு, அதற்கும் அப்பால், இன்னொன்று.

சத்தம் நின்றது.

"அப்பாடா," என்றான் ஆரின். "இப்ப சரி."