சாக்பீஸ் தூளும் கரித்தூளும்

நட்டு என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. அவள் பாவாடையைத் துவைக்கப் போட்டால், பையிலிருந்து இரண்டு நட்டாவது உருண்டு விழும். பட்டப்பெயர் வராமல் இருக்குமா? வயது பத்து. அப்பா மோட்டார் சைக்கிள் மெக்கானிக். வீட்டின் முன்னறைதான் பட்டறை.

அம்மா நர்ஸ். வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருவார். வண்டி இல்லையென்றால் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி.

அன்று பள்ளி விடுமுறை. அம்மா வண்டியின் பட்டனை அழுத்தினார். "டிக்" என்றது. அதோடு சரி.

"என்னங்க, மறுபடியும் செல்ஃப் எடுக்கலை!"

அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. ஸ்டார்ட்டர் மோட்டாரை அவர் பிரித்து, புதுசு போலப் பூட்டிக் கொடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு முறையும் பூட்டிய மூன்றாவது வாரமே இப்படி நிற்பது இது மூன்றாவது தடவை.

"விடுங்க, நான் பஸ்ல போய்க்கிறேன்," என்று அம்மா சிரித்தபடியே கிளம்பிவிட்டார். திட்டியிருந்தால்கூட அப்பாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அப்பா மோட்டாரைக் கழற்றித் திறந்தார். உள்ளே ஒரே கரித்தூள்! நடுவில் ஒரு செம்பு உருளை. அது சுழலும்போது, இரண்டு கார்பன் துண்டுகள் அதை உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும். அந்தத் துண்டுகள் இப்போது நகக்கண் அளவுக்குத் தேய்ந்து கிடந்தன.

"வருஷக்கணக்கா வர வேண்டியது. நல்ல கார்பன்தான் போட்டேன். ஸ்பிரிங்கும் சரியா இருக்கு. என் கைதான் போச்சு, நட்டு. இனிமே நான் மோட்டாரே பிரிக்கப் போறதில்லை. பஞ்சர் ஒட்டிட்டுக் கிடக்கேன்."

அப்பா இப்படிப் பேசி நட்டு கேட்டதே இல்லை.

வாசலில் உட்கார்ந்து, சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் கணக்குப் போட்டாள். மனம் ஓடவில்லை. நாலாவது கணக்கிலேயே சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. பாவாடையெல்லாம் வெள்ளைத் தூள். 'வகுப்பு போர்டில் ஒரு சாக்பீஸ் ரெண்டு நாள் வருமே!'

சட்டென்று எழுந்து உள்ளே ஓடினாள். செம்பு உருளையை நகத்தால் வருடினாள். சொரசொரவென்று இருந்தது!

"அப்பா, இதை எதால தேய்ச்சீங்க?"

"பொடி உப்புத்தாள்லதான். டிராயர்ல மேலாப்ல இருக்கு பார்."

எடுத்துப் பார்த்தாள். முதுகில் பொடி எழுத்தில் நூற்றைம்பது என்று நம்பர். அது முரட்டுத் தாள்! அறுநூறாம் நம்பர் பொடித் தாள் அடியில் அப்படியே கிடந்தது. காய்ப்பு ஏறிய அப்பாவின் விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணுக்கும்தான். கண் டாக்டர் கொடுத்த கண்ணாடி ஆறு மாதமாக ஸ்பேனர் பெட்டியில் தூங்குகிறது. போட்டால் கிழவன் என்று கிண்டல் செய்வார்களாம்!

'உங்களுக்குக் கண் தெரியலைப்பா' என்று சொல்லலாம். ஆனால் அவர் ஏற்கெனவே நொந்து போயிருக்கிறாரே. நட்டு கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள்.

"அப்பா, செம்புல ஏதோ கோடு கோடா இருக்கிற மாதிரி இருக்கு. எனக்கு என்னன்னு சொல்லத் தெரியலை. இதைப் போட்டுட்டு நீங்களே பாருங்களேன்."

அப்பா முனகிக்கொண்டே மாட்டினார். உருளையைப் பார்த்தார். உப்புத்தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"அடக் கடவுளே, நூத்தம்பதா இது! துருவி மாதிரி ஆக்கி வச்சிருக்கேனே! கார்பன் தேயாம என்ன செய்யும்?" தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப உங்க கை போகலைதானே?"

"போகலைடா கண்ணு. நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கண்டுபிடிச்சது நீங்க. நான் கண்ணாடிதான் எடுத்துக் கொடுத்தேன்."

அப்பா அவள் தலையைக் கோதிவிட்டார். கையிலிருந்த கிரீஸ் முழுக்க அவள் முடியில்!

உருளையை லேத்தில் கடைந்து, பொடித் தாளால் வழவழப்பாக்கி, புதுக் கார்பன் போட்டு மாட்டினார். சரியாக மூன்றாவது வாரம், மூன்று பேரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். அம்மா பட்டனைத் தொட்டார். ஒரே அழுத்தில் வண்டி உறுமியது!

"கண்ணாடி உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அம்மா பறந்துவிட்டார். அப்பாவுக்கு வெட்கம் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த மோட்டாரைத் திறக்க வேண்டிய வேலையே வரவில்லை. தினமும் காலையில் ஒரு தொல்லைதான். "என் கண்ணாடி எங்கே?" என்று அப்பா பட்டறையையே புரட்டிப் போடுவார். அது அவர் நெற்றிக்கு மேலேயே இருக்கும். நட்டு உடனே சொல்லிவிட மாட்டாள். கொஞ்சம் தேடட்டும் என்று வேடிக்கை பார்ப்பாள்.