பதினோரு பெயர்கள்

பகல் இரண்டு மணி ஒத்திகையில், இசை நடத்துநர் பாங் கையை இறக்கிய பிறகும் ஒரு பெண் குரல் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரும்மா அது? நான் நிறுத்தி நேரமாச்சே!"

கூட்டுப்பாடகிகள் ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிரான் எச்சிலை விழுங்கினாள். குரல் நின்றது.

தன் தொண்டையிலிருந்தே வந்தாலும் அது அவள் குரல் அல்ல. சொல் முடியும் இடத்தில் மூக்கால் லேசாக இழுத்து விடுவது கும்ரே அக்காவின் பழக்கம். பத்தொன்பது வருடம் பக்கத்தில் நின்று பாடியவளுக்குத் தெரியாதா? ஆனால் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஜனவரியில் நகராட்சி, ஒபேரா இசைநாடகக் குழுவுக்குத் தரும் நிதியைப் பாதியாக வெட்டியது. அடுத்த வருடம் குழுவே இருக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. பதினேழு பாடகிகளில் ஆறு பேருக்குத்தான் இடம். நிர்வாகி கோ மிரானைத் தனியாக அறைக்கு அழைத்து, ஒரு வெள்ளைத் தாளை மேசைமேல் நகர்த்தினார்.

"யார் குரல் தளந்துபோச்சுன்னு உள்ள இருக்குறவங்களுக்குத்தானே தெரியும். நீங்க எழுதிக் குடுங்க. உங்க இடம் பத்திரம். வெளிய ஒரு வார்த்தை போகாது."

மிரான் பதினோரு பெயர்களை எழுதினாள். முதல் பெயர் கும்ரே. அக்காவின் குரல் தளரவே இல்லை. குழுவில் மிரானைவிட நன்றாகப் பாடியவள் அவள் ஒருத்திதான்.

விடைபெற்ற அன்று அக்கா, தேனில் ஊறவைத்த பேரிக்காய்ப் புட்டி ஒன்றை அவள் கையில் திணித்தாள். "தொண்டையப் பாத்துக்கடி. நீயாவது உள்ள இருக்கியே, அது போதும் எனக்கு." மிரானால் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

ஒத்திகையில் அந்தக் குரல் கேட்ட நாளிலிருந்து அது அவளை விடவில்லை. அடுத்த நாள் அரிசி களைந்துகொண்டே வழக்கம்போல் முணுமுணுத்தபோது, குழாய்த் தண்ணீரின் சலசலப்புக்கும் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவின் புளித்த வாடைக்கும் நடுவே, இரண்டு பெண்கள் சேர்ந்து பாடுவது அவள் பல்லுக்குப் பின்னாலிருந்து கேட்டது. மறுநாள் பேருந்தில் கொட்டாவி விட்டாள். மூன்று பேர். முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். அதன்பின் தினமும் ஒருத்தி கூடினாள். ஒவ்வொருத்தியையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. தாளில் எழுதிய அதே வரிசை.

பேச்சை நிறுத்தினாள். தொண்டை வலி என்று எழுதிக் காட்டினாள். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு படுத்தாள்.

பதினோராம் நாள் மதியம், கூடப் பாடும் உன்சில் ஒத்திகை அறை ஜன்னலோரம் நின்று சொன்னாள்: "அக்கா, நகராட்சி வாசல்ல நம்மாளுங்க நிக்கிறாங்க, பாருங்க. வேலை கேட்டுப் பாட்டு பாடுறாங்கபோல. என்ன கூத்தோ, ஒரு சத்தமும் இங்க கேக்கல."

மிரான் படியிறங்கி ஓடினாள். சொல்லிவிட வேண்டும். நான்தான் எழுதினேன் என்று, எல்லார் முன்னாலும். அக்கா அடித்தாலும் சரி.

சாலையின் எதிர்ப்புறம், நகராட்சி வாசலில் நல்ல வெயில். தள்ளுவண்டியில் மீன் அப்பம் சூப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பதினோரு பேரும் மேடைக்கு உடுத்தும் கறுப்பு உடையில் வரிசையாக நின்றார்கள். வாய்கள் அகலத் திறந்திருந்தன. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. மார்பு ஏறி இறங்கியது.

சத்தம் இல்லை.

ஜனங்கள் நிற்காமல் கடந்து போனார்கள். சிலர் சிரித்தார்கள்.

மிரான் கும்ரேயின் முன்னால் போய் நின்றாள். அக்கா வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள்.

'அக்கா, நான்தான்...' சொல்ல வாயைத் திறந்தாள்.

வார்த்தை வரவில்லை. பாட்டு வந்தது. பதினோரு குரல். முழு வீச்சில்.

போனவர்கள் நின்றார்கள். திரும்பினார்கள். யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும்.

கும்ரே அவளையே பார்த்தாள். தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். மெல்ல வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவளும் மூடினாள். அடுத்தவளும்.

பதினோரு வாயும் மூடின.

மிரான் இரண்டு கையாலும் தாடையை அழுத்தினாள்.

மூடவில்லை.