குறைந்துகொண்டே வந்த எண்

காலையில் லாரி வாசலுக்கு வந்தபோது கதிர்வீச்சுக் கருவி 640 காட்டியது. அவள் நிறுத்தச் சொல்லிப் பக்கத்தில் போனாள். எண் 2 ஆனது.

பழைய இரும்புக் கிடங்கில் வாசல் சோதனை அவள் வேலை. கிட்டப் போனால் எண் ஏறும் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

"மேஸ்திரி, கிட்டப் போனா கொறையுதே?"

"கொறைஞ்சா சந்தோஷப்படும்மா. நூறுக்கு மேலதான நிறுத்தணும்? ரெண்டுக்கெல்லாம் நிறுத்துனா அப்புறம் வீட்ல உக்காந்து ஈ ஓட்டணும்."

விடாமல் கீச்சிட்ட கருவியின் சத்தத்தையும் அவரே அணைத்தார். நோட்டில் 2 என்று எழுதினாள். லாரி உள்ளே போனது. அந்தச் சுமையைப் பிரித்து வெட்டியது அவள் கணவன்.

சாயங்காலம், மழை தகரக் கூரையில் ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, துணியெல்லாம் துருவாடை வீச, வழக்கம்போல் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேடையில் சார்ஜில் போட்டாள். திரை ஒளிர்ந்தது. 3.

காலையில் இதே மேடையில் 0.1 இருந்தது.

கருவியின் முதுகில், பயிற்சியில் ஒட்டிக்கொடுத்த சீட்டு. ஒருநாளும் அவள் அதைப் படித்ததில்லை. சீவர்ட் என்ற கதிர்வீச்சு அலகுக்கு முன்னால் வால் வைத்த எழுத்து வந்தால் மைக்ரோ, பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வாலில்லாத எழுத்து வந்தால் மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. எழுத்தே இல்லாவிட்டால் முழு சீவர்ட், ஓடிவிடவும்.

640க்கு வால் இருந்தது. 2க்கு இல்லை. அப்படியானால் அது 640இன் கணக்கில் இரண்டாயிரம். குறையவே இல்லை.

இந்த 3க்கும் வால் இல்லை.

குளியலறையில் கணவன் வாந்தியெடுக்கும் சத்தம்.

"என்னங்க, அந்த லோடுலேர்ந்து ஏதாச்சும் எடுத்தீங்களா?"

"சின்னதா ஒரு துண்டு... சுண்டுவிரல் அளவுதான். பளபளன்னு இருந்துச்சு. மத்தியானத்துலேர்ந்து சட்டைப் பைல கெடந்துச்சு." மறுபடி குமட்டினான். "வந்ததும் பாப்பாகிட்ட குடுத்துட்டேன்."

பலகைத் தடுப்புக்கு அப்பால் மகளின் கட்டில். விளக்கு அணைந்திருந்தது. கருவியைப் பிடித்தபடி நடந்தாள்.

கதவருகே 9.

கட்டில் காலருகே 40.

போர்வை. 300.

"பாப்பா. கையத் தொற."

"மாட்டேன் போ." தூக்கக் கலக்கம். "அப்பா எனக்குக் குடுத்தது."

குனிந்தாள். திரை ஒருமுறை இமைத்தது.

1.

எண் குறைந்துவிட்டது. அலகின் முன்னால் எந்த எழுத்தும் இல்லை.

மகள் புரண்டு படுத்து, மூடிய கையைக் கன்னத்துக்கு அடியில் இழுத்துவைத்துக்கொண்டாள்.